மூடி திறக்க வேண்டாத வடிகட்டி

சென்ற மாதம் ஓர் இளம் பொறியாளர் என்னைப் பார்க்க வந்தார். நான் வேலை பார்த்த சர்க்கரை ஆலையில் இப்போது வேலை பார்ப்பவர். கையில் நாலைந்து வழவழப்பான புத்தகங்கள். எல்லாவற்றின் அட்டையிலும் பளபளவென்று ஒரு எஃகு உருளை. தானே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வடிகட்டிகளாம்.

"சார், இதுல எதை வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"எதை வடிகட்டப் போறீங்க?" என்றேன்.

"எதை வேணா வடிகட்டலாம் சார். எல்லாத்துக்கும் ஒத்துவரும்னு போட்டிருக்கான் பாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லாத்துக்கும் ஒத்துவரும் என்று விற்கப்பட்ட பொருளில் எனக்குத் தெரிந்து விளக்கெண்ணெய் ஒன்றுதான் கொஞ்சமாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. அதையும் யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. காப்பி கொடுத்து, பாதி பதில் சொல்லி அனுப்பினேன். மீதிப் பதில்தான் இது.

நான் உறையூர்க்காரன். தறி ஓடிய வீடு. இழையைப் பார்த்து நூல் எண் சொல்ல வந்ததே தவிர, நெய்ய உட்கார்ந்தால் அறுத்துத் தள்ளினேன். இவனை இரும்போடு விட்டுவிடலாம், அதை அறுக்க முடியாது என்று அப்பா டிப்ளமா படிக்க வைத்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் சில காலம் அரமும் கையுமாகப் பயிற்சி. ஐம்பதுகளின் கடைசியில், காவிரியை ஒட்டி மேற்கே இருந்த ஒரு சர்க்கரை ஆலையில் சேர்ந்தேன். காலையில் தென்னூர் வழியாக வரும் ஆலை வேனில் ஏறினால் உடம்பெல்லாம் கருப்பஞ்சாற்று வாடையோடு மாலையில் இறங்குவேன். அந்த வாடை கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் என்னைக் காட்டிக்கொடுத்தது.

என் மேலதிகாரி வரதாச்சாரி சார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். நெற்றியில் திருமண், அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படாமல் எப்படித்தான் காப்பாற்றினாரோ, கொதிகலன் அறைக்குள் போய்விட்டு வந்தாலும் மூன்று கோடும் அப்படியே இருக்கும். தாமே கொண்டுவந்த டம்ளரில்தான் காப்பி குடிப்பார். குடித்ததும் தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். மேனேஜர் முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லாரையும் 'ஸ்வாமி' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் 'மகா ஸ்வாமி' என்பார். அதைக் கேட்டவன் அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் போகத் தயங்குவான்.

இப்போது வடிகட்டிக்கு வருகிறேன். கரும்பைப் பிழிந்த சாற்றில் சுண்ணாம்புப் பால் விட்டு, கந்தகப் புகை காட்டி, கொதிக்க வைத்துத் தெளிய விடுவோம். வண்டல் அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த சாறு குழாய் வழியே காய்ச்சும் பாத்திரங்களுக்குப் போகும். எவ்வளவு தெளிந்தாலும் கொஞ்சம் சக்கைப் பொடி, சுண்ணாம்புக் குருணை, கரும்பின் தோலில் இருக்கும் மெழுகு எல்லாம் கூடவே வரும். அவற்றைப் பிடிக்கக் குழாயின் நடுவில் ஒரு இரும்புக் கூடு, அதற்குள் சல்லடைக் கூடை. கூடை அடைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வால்வை மூடி, மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, கூடையை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் பல தடவை. சாறோ கொதிக்கிற பதம். அரவை நடக்கும் மாதங்களில் ஆலையை நிறுத்த முடியாது.

அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டவர் அந்தோணிசாமி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மேலப்புதூர் மாதா கோவில் பாட்டுக் குழுவில் பாடுவார், வேலையிலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் காலையில் வழக்கம்போல வால்வை மூடிவிட்டு மூடியைக் கழற்றினார். வால்வு முழுக்க மூடவில்லை. அதன் வாயில் ஒரு சுண்ணாம்புக் குருணை மாட்டியிருந்தது. கடைசி போல்ட் தளர்ந்ததும் சாறு மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

வலது கை, தோள், கழுத்து. தண்ணீர் சுட்டால் வழிந்து போய்விடும். இது சர்க்கரைச் சாறு, ஒட்டிக்கொண்டு சுடும். அன்றைக்கு நான் கேட்ட சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி லூர்து மேரி அழாமல் என்னோடு பேசினார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கை தேறிடும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. தேறினதும் திரும்ப அதே மூடியத் தொறக்கத்தானே கூப்பிடுவீங்க?"

"வேற வேலைக்கு மாத்தச் சொல்றேம்மா."

"இவர மாத்தினா வேற ஒருத்தர் தொறக்கணும். அவருக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாங்கல்ல?"

எனக்கு என்ன அதிகாரம் இருந்ததென்று தெரியவில்லை. "அந்த மூடியை இனிமே யாரும் தொறக்க வேண்டாம்படி செஞ்சிடறேம்மா" என்று சொல்லிவிட்டேன். வரதாச்சாரி சாரிடம் போய்ச் சொன்னேன். வாக்குக் கொடுக்க நீ யார் என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து பகலில் கூடையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், திறக்கிறவரின் பக்கத்தில் போய் நின்றார். "என்ன ஆனாலும் அடியேனுக்கும் ஆகட்டும்" என்றார்.

மூடி திறக்காமலே சுத்தமாகும் புதுவகை வடிகட்டி ஒன்றை ஆலைக்கு வாங்க மேனேஜர் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் அவை நம் பக்கத்தில் அபூர்வம். சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் கண்ணாடியால் செய்த மாதிரி ஒன்றோடு வந்தார். கோட்டு, டை, நல்ல பேச்சு. மாதிரிக்குள் தண்ணீரும் ஆற்று மணலும் விட்டார். மணல் சல்லடையில் படிந்தது. ஒரு கைப்பிடியைத் திருப்பினார். தண்ணீர் எதிர்த்திசையில் பாய, மணல் அப்படியே உதிர்ந்து கீழே போனது. சல்லடை புதுசுபோல நின்றது. மூடி கிடையாது, திறப்பு கிடையாது. மேனேஜர் கை தட்டாத குறை. நானும் அசந்துதான் போனேன்.

வரதாச்சாரி சார் மட்டும் கீழே விழுந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் திருச்சியில் இரண்டு நாள் தங்குவார் என்று கேட்டுக்கொண்டு, என்னிடம் மெதுவாக, "நம்ம கூடையில படியறதை ஒரு பாட்டில்ல எடுத்துண்டு நாளைக்கு அடியேன் ஆத்துக்கு வாரும்" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

கறுத்த வண்டல் நிறைந்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அது என்ன லேகியம் என்று கேட்டார். சார் வீட்டில் பஞ்சகச்சத்தோடு கிணற்றடியில் காத்திருந்தார். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வண்டலைப் பூசச் சொன்னார். அது சாறு சுடும் அளவுக்குச் சுடட்டும் என்று அடுப்பில் காட்டினார். பிறகு கொதிக்கும் ஜலத்தைச் சொம்பிலிருந்து வேகமாக அதன் மேல் வீசினார். குருணை போனது. சக்கைப் பொடி பாதி போனது. மெழுகும் அதில் சிக்கிய மீதியும் அப்படியே ஒரு தோலாக நின்றது. இன்னொரு சொம்பு. அசையவில்லை. வேறொரு தாம்பாளத்தில் பூசி, இன்னும் ஓங்கி வீசினார். அதே கதை.

பிறகு சுண்டுவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். தோல் சுருண்டு வந்தது. அடியில் பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

"பார்த்தீரா ஸ்வாமி. சில அழுக்கு ஜலத்துக்குப் போகும். சிலது நகத்துக்குத்தான் போகும். இதைக் கேக்காம வடிகட்டி வாங்கப்படாது. பிடிக்கறதை எந்தச் சல்லடையும் பிடிக்கும். பிடிச்சதை எப்படி விடும்னுதான் பார்க்கணும்."

அவர் அன்றைக்கு மூன்று கேள்விகள் சொன்னார். அழுக்கு குருணையா, நாரா, பசையா? தண்ணீர் பட்டால் கெடுகிற திரவமா? சுரண்டி எடுத்த அழுக்கு எங்கே போய் விழும்? பின்னாட்களில் எண்ணெய், பெயின்ட், காகிதக் கூழ் என்று எத்தனையோ திரவங்களுக்கு நான் வடிகட்டி தேர்ந்தெடுத்தேன். நாலாவது கேள்வி ஒன்றை நானாகக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டேன், முடியவில்லை. பேசிக்கொண்டே அவர் இரண்டு தாம்பாளத்தையும் சாம்பல் போட்டுத் தாமே தேய்த்தார். மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஆலையில பத்தாதுன்னு இங்கேயுமா?" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை சார் ஏஜென்டிடம் அந்தப் பாட்டிலை நீட்டினார். "ஸ்வாமி, மணலுக்குப் பதிலா இதை விட்டுக் காட்டணும்."

ஏஜென்ட் பாட்டிலை மோந்து பார்த்தார். "இதை விட்டா என் மாடல் பாழாயிடும் சார்."

மேனேஜர் ஏஜென்டைப் பார்த்தார், கண்ணாடி மாதிரியைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், தாம் ஏமாற இருந்ததைக்கூட ரசிக்கத் தெரிந்தவர். வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் எடுத்தது சுரண்டும் வகை. நெருக்கமாகக் கம்பி சுற்றிய ஓர் உருளை. சாறு வெளியிலிருந்து உள்ளே போகும், அழுக்கு உருளையின் மேல் படியும். மேலே நீட்டியிருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் உருளை சுழலும், அதை ஒட்டி நிற்கும் பித்தளைக் கத்தி அழுக்கைச் சுரண்டி அடிக்கூம்புக்குள் தள்ளும். கீழே ஒரு வால்வு, அங்கிருந்து குழாய் நேராகக் கழிவுக் குழிக்கு. அரவை முடிந்து ஆலை நிற்கும் வரை மூடியைத் திறக்கவே வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் செய்து வந்தது. கம்பியின் இடைவெளியைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்தபோது மட்டும் அப்பாவின் மகனாகக் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அடுத்த அரவை தொடங்கும்போது அந்தோணிசாமி வேலைக்கு வந்துவிட்டார். கை முழுக்க நீளவில்லை. கழுத்தில் தோல் இழுத்திருந்தது. பாட்டு இல்லை. புது வடிகட்டிக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர் அதன் மேல் சின்னதாகச் சிலுவை வரைந்தார். மணிக்கு ஒரு தடவை கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம்.

சில வாரங்கள் எங்களைப் பிடிக்க ஆளில்லை. பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து புகார் வந்தது. சாறு கலங்கலாக வருகிறது, சர்க்கரை பழுப்படிக்கிறது. சாம்பிள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான், பழைய கூடையில் வந்ததைவிட மோசம். கத்தி சரியாகச் சுரண்டுகிறதா என்று அடி வால்வைத் திறந்து பார்த்தோம், கம்பி விரிந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. மேனேஜரின் சிரிப்பு நின்றது.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா பழைய கூடையை மாட்டிடுங்க" என்றார்.

கூடை என்றால் மூடி. மூடி என்றால் அந்தோணிசாமி. நான் போய்ச் சொன்னேன். வலது கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலிருந்து, வடிகட்டிக்கு எதிரே இருந்த மேடையில் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வேலை செய்வதுபோல உட்கார்ந்தேன். அந்தோணிசாமி நாங்கள் சொன்னபடி மணிக்கு ஒரு தடவைதான் திருப்பினார். அவர் அந்தண்டை போனதும் வெல்டர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினார். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பிறகு பாகு காய்ச்சுகிறவர், அவரும் ஒரு சுற்று. கேன்டீன்காரர் டீ வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு சுற்று. பெருக்குகிற அம்மா துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு சுற்று. கோவில் மணியை அடித்துவிட்டுப் போகிற மாதிரி, போகிறவர் வருகிறவர் எல்லாரும்.

கேன்டீன்காரரைப் பிடித்தேன். "எதுக்குப்பா சுத்தறே?"

"அந்தோணி அண்ணனுக்காகத்தாங்க. இது அடைச்சுக்கிச்சுன்னா பழைய கூடை வந்துடும்னு பேசிக்கிட்டாங்க. அதான் அடைக்காம பாத்துக்கிறோம். போறப்ப வரப்ப ஆளுக்கு ஒரு சுத்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாறு ஏன் கலங்குகிறதென்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. கம்பியின் இடைவெளி நுண்ணிய பொடியைப் பிடிக்காது. கம்பி மேல் மெல்லிசாகப் படியும் அழுக்குத்தான் அதற்குப் பின்னால் வரும் பொடியைப் பிடிக்கிறது. அந்தப் படிவைப் படியவே விடாமல் ஒரு ஆலையே முறை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தது.

வரதாச்சாரி சாரிடம் சொல்ல எழுந்தேன். அவரே அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். வடிகட்டிக்கு அருகில் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து நிதானமாக மூன்று சுற்று சுற்றினார். திரும்பினார், நான் நின்றேன்.

"நீங்களுமா சார்?"

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "அடியேனும்தான்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சுத்தம் பண்ணினா தப்பு வராதுன்னே பழகிப்போச்சு" என்றார்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லாரையும் வடிகட்டியைச் சுற்றிக் கூப்பிட்டார்.

"ஸ்வாமிகளே, ஆத்துல காபி ஃபில்டர்ல டிகாக்ஷன் இறங்கறச்சே, சீக்கிரம் இறங்கட்டும்னு ஸ்பூனை விட்டுக் கிண்டுவேளா?"

"கிண்டினா தூள்தான் இறங்குங்க" என்றார் பெருக்குகிற அம்மா.

"அதைத்தான் எல்லாருமா பண்ணிண்டிருக்கோம். ஃபில்டரைக் கிண்டறோம். உங்களைக் குத்தம் சொல்லலை, அடியேனும் கிண்டினேன். இனிமே யாரும் தொட வேண்டாம். அந்தோணி ஸ்வாமி தொட்டா போதும்."

நான் ஸ்பேனரால் கைப்பிடியைக் கழற்றி அந்தோணிசாமியின் கையில் கொடுத்தேன். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருந்த பிரஷர் கேஜ்களில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டோம். அழுக்கு கூடக் கூட இரண்டு முள்ளும் விலகும், எவ்வளவு விலகினால் சுற்ற வேண்டும் என்று காட்டினோம். மணிக்கணக்கை விட்டோம். முள் சொன்னால் மாட்டிச் சுற்று, பிறகு கழற்றி எடுத்துக்கொள். இதற்கு இன்றைக்கு எலெக்ட்ரிக் மோட்டார் வைத்துப் பெரிய பெயர் சொல்லி விற்கிறார்கள். எங்களுக்கு அந்தோணிசாமி.

மறுநாளே சாறு தெளிந்தது. சனிக்கிழமை மேனேஜர் சாம்பிள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, பழைய கூடையைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார். கேன்டீன்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கைப்பிடி இல்லாத முனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே போனார். அதற்கு எந்தப் பொறியாளரும் தடை சொல்ல முடியாது.

அரவை முடிந்து ஆலை நின்றது. குழாயெல்லாம் காலி, இரும்பு குளிர்ந்து கிடந்தது. உருளையின் தேய்மானத்தைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். ஃபிட்டரைக் கூப்பிட்டேன்.

"நான் தொறக்கறேன் சார்" என்றார் அந்தோணிசாமி.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரதாச்சாரி சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அந்தோணிசாமியின் பக்கத்தில் போய் நின்றார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. உள்ளே ஒரு சொட்டுச் சாறு இல்லை என்று அந்தோணிசாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கடைசி போல்ட்டுக்கு வந்ததும் அவர் முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடி ஒரு சின்னச் சத்தத்தோடு தளர்ந்தது. ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தார். வெந்த கையை மெதுவாக உள்ளே விட்டு, தோள் வரை விட்டு, அடிக்கூம்பைத் தடவினார். அங்கேயே சற்று நேரம் வைத்திருந்தார்.

"ஜில்லுன்னு இருக்குங்க" என்றார்.